தோளைத்தான் சொன்னாங்க

“உங்க கோபம் உடம்புல எங்க இருக்கு அங்கிள்?” என்று நான் கேட்டு முடிக்கவில்லை, முனியாண்டி அங்கிள் பாயிலிருந்து எழுந்து என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கேள்வி என்னுடையது இல்லை. ஆனால் என் தொழிலே அதுதான்: அடுத்தவர் கேள்வியை நான் கேட்க வேண்டும், அதற்குக் கிடைப்பதையும் நானே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கிள் ஈப்போவில் ஒரு கட்டடத்தில் ஜாகா, அதாவது காவலாளி வேலை பார்க்கிறவர். சூப்பர்வைசரோடு கைகலப்பாகி, “போய்ச் சிகிச்சை எடுத்துட்டு வா, அப்பத்தான் வேலை” என்று கம்பெனி எங்கள் சிகிச்சை மையத்துக்கு அனுப்பியிருந்தது. எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த, மையத்தை நடத்துகிற உமையாள் மேடம் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். என் காலரைப் பார்த்தார். பதறுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. “வெரி குட்! கோபம் கைக்கு இறங்கிருச்சு. தினேஷ், அந்தக் கை இப்ப என்ன சொல்லுதுன்னு கேளு” என்றார் ஆங்கிலத்தில்.

என் பொத்தான் ஒன்று ஏற்கெனவே தரையில் உருண்டுகொண்டிருந்தது. இருந்தாலும் கேட்டேன், சம்பளம் அதற்குத்தானே. அங்கிள் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். “கை சொல்றது உனக்குப் புரியலையாடா? இன்னும் கிட்ட வந்து சொல்லணுமா?”

வேலையில் மாட்டிய கதை

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் கூட்டம்தான் என்று எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்தே அம்மாவுக்காகக் கிளினிக்கிலும், அப்பாவுக்காக அரசாங்கக் கவுண்டரிலும் நின்று மொழிபெயர்த்து வளர்ந்த கூட்டம். தப்பு எந்தப் பக்கம் வந்தாலும் திட்டு நமக்குத்தான். நான் அதற்குச் சம்பளம் வாங்குகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எஸ்.பி.எம். பரீட்சையில் எனக்கு உருப்படியாக வந்தது தமிழும் ஆங்கிலமும் மட்டும். ஆறாம் படிவம் போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் உமையாள் மேடத்தின் மையம் இருந்தது, ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள், போனேன். மேடத்தின் குடும்பம் செட்டிநாட்டுப் பக்கம், மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம். பேங்க் வேலையை விட்டுவிட்டு, உடம்பு வழியாக மனக்காயத்தை ஆற்றும் சிகிச்சை என்று வெளிநாட்டில் படித்து வந்தவர். அவர் தமிழ் “சாப்பிட்டீங்களா, போய்ட்டு வாங்க”வோடு நின்றுவிடும். துக்கம், பயம், ஏக்கம் என்று வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். வருகிறவர்களோ பக்கத்துச் சிலிபின் வட்டாரத்து ஆட்களும், தோட்டத்தை விட்டு ஃபேக்டரிக்கு வந்தவர்களும். நடுவில் நான்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த வேலை மேல் நம்பிக்கை இல்லை. எனக்கே இல்லை. முதல் நாள் அம்மா துணி மடித்துக்கொண்டே விசாரணை வைத்தார். “மருந்து குடுக்கிறாங்களா?” இல்லை என்றேன். “ஊசி?” இல்லை. “மந்திரம் கிந்திரம்?” அதுவும் இல்லை, படுக்க வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள் என்றேன். அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார். “ஏமாத்துறவன் கையில ஏதாச்சும் ஒண்ணு இருக்கணும்லா. கையில ஒண்ணுமே இல்லாம ஏமாத்துறாங்கன்னா, ரொம்பப் பெரிய ஆளுங்கடா.”

டிரசர்

சின்னையா தாத்தாவை மகள் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் தூக்கமே இல்லையாம். மேடம் அவரைப் பாயில் படுக்க வைத்து, பாதத்திலிருந்து தலை வரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்கச் சொன்னார். “உங்க கால் கட்டைவிரல கவனிங்க” என்றேன். “கணுக்கால கவனிங்க” என்றேன். முழங்காலுக்கு வருவதற்குள் குறட்டை. கீழே டயர் கடையில் நட்டு கழற்றும் மெஷின் கத்துகிறது, மேலே தாத்தா அதற்குப் பதில் சொல்கிறார். நான் எழுப்பப் போனேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு மணி நேரம் குறட்டைக்குக் காவல் இருந்தோம். இதற்கும் பில் போடுவார்களா என்று எனக்குச் சந்தேகம். போட்டார்கள்.

எழுந்ததும் தாத்தாவும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். அவர் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அங்கே ஆஸ்பத்திரி என்றால் ஒரு டிரசர்தானாம். தலைவலி, வயிற்றுவலி, பாம்புக்கடி, எல்லாவற்றையும் அந்த ஒரே ஆள்தான் பார்ப்பாராம். “தோட்டத்து டிரசரும் இப்படித்தான், இங்க வலிக்குதா அங்க வலிக்குதான்னு ஊரெல்லாம் கேப்பாரு” என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. “ஆனா கடைசியில ஒரு வெள்ளை மாத்திரையாச்சும் குடுப்பாரு லா.”

ஆளுக்கு ஒரு கிஸ்மிஸ்

காம்பார் போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பு இருக்கிறது. தோட்டத்து ஜனம் பாதிக்கு மேல் இப்போது அந்த வீடுகளில்தான். அங்கே கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு இலவச வகுப்பு என்று மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வந்தது இருபது பேர் இருக்கும். ஆளுக்கு ஒரு கிஸ்மிஸ் கொடுத்தோம். ஒன்றே ஒன்று. உடனே வாயில் போடக் கூடாது. பார்க்க வேண்டும், தடவ வேண்டும், முகர வேண்டும், அப்புறம் நாக்கில் வைத்து மெதுவாக. மனம் இந்த நிமிஷத்தில் நிற்பதற்கான பயிற்சி அது. “அதோட சுருக்கத்தப் பாருங்க” என்று நான் சொன்னதும் ஒரு ஆன்டி பக்கத்து ஆளிடம், “கெட்டுப்போச்சான்னு நம்மள விட்டுப் பாக்குறாங்க” என்றார். அடுத்து, காதருகே வைத்து நசுக்கிச் சத்தம் கேட்கச் சொல்ல வேண்டும். நான் மேடத்தைப் பார்த்தேன். இதையுமா? இதையும்தான் என்று தலையாட்டினார். சொன்னேன். மண்டபமே சிரித்தது.

சிரிக்காத ஒரே ஆள் தனம் அக்கா. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், கையுறை ஃபேக்டரி யூனிஃபார்மோடு வந்திருந்தார். வலது தோள் காதுவரை ஏறியிருந்தது, எப்போதும் யாரோ அடிக்கப் போகிற மாதிரி. கிஸ்மிஸை வாயில் போடவே இல்லை. டிஷ்யூவில் மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். ஒரு கிஸ்மிஸை யார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்? அதற்குள் முன்வரிசை ஆன்டி கையை உயர்த்திவிட்டார். “காதுல வச்சுக் கேட்டேன் தம்பி. பாயசம் எங்கன்னு கேக்குது.”

விட்டுடுங்க

இரண்டு வாரம் கழித்து, தனம் அக்காவை அவர் கணவர் செல்வம் அண்ணன் மையத்துக்கே கூட்டி வந்தார். அண்ணன் லோரி ஓட்டுகிறவர். அவர்களுடைய ஒரே மகன் சரண் போன வருஷம் காம்பார் ரோட்டில் மோட்டர் சைக்கிள் விபத்தில் போய்விட்டான் என்று படிவத்தில் எழுதியிருந்தார். வயது என்ற இடத்தில் பத்தொன்பது, கிட்டத்தட்ட என் வயது. அந்தக் கட்டத்தை மட்டும் நான் சீக்கிரமாகத் தாண்டினேன்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. மேடமும் கதை கேட்கவில்லை. வாய் சொல்லாததை உடம்பு சொல்லும் என்பதுதான் அவர் படித்த படிப்பு. தோளுக்குப் பக்கத்தில் கையைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மெதுவாக, “லெட் இட் கோ. ஜஸ்ட் லெட் இட் கோ” என்றார். நானும் அதே மெதுவில், “விட்டுடுங்க அக்கா. விட்டுடுங்க” என்றேன். அக்கா கண்ணைத் திறந்து மேடத்தையே பார்த்தார். “முழுசாவா?” என்று என்னிடம் கேட்டார். நான் மேடத்திடம் கேட்டேன். “ஆமா, முழுசா. தயாரானதும்” என்றார் மேடம். நானும் சொன்னேன்.

அக்காவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்படி ஒரு மூச்சை நான் அதுவரை கேட்டதில்லை. அப்புறம் அந்தத் தோள் இறங்கியது, ஜாக்கியிலிருந்து கார் இறங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. நடிப்பா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். நடிப்பு இல்லை. இதில் ஏதோ இருக்கு போல என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது அன்றைக்குத்தான். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சரி தம்பி. டாக்டரே சொல்லிட்டாங்க. விட்டுடுறேன்.”

மாடிப்படி

அடுத்த முறை அக்கா வந்தபோது தோள் தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மேடத்துக்கு ஏக சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த முகம் பிடிக்கவில்லை. முன்பாவது அடிக்குப் பயந்த முகம். இப்போது இழுத்து மூடிய கடை. கேட்டதற்கெல்லாம் “நல்லா இருக்கு”, “சரி”. செல்வம் அண்ணன் உள்ளே வராமல் மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கப் போன என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

சரணுடைய போன் வீட்டில் டிராயருக்குள் இருக்கிறதாம். அக்கா அதை எப்போதும் சார்ஜில் வைத்திருப்பார். மாதா மாதம் டாப்-அப் போடுவார். ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரம் வந்தால் அந்த நம்பருக்கு அடிப்பார். வீட்டில் டிராயருக்குள் மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், கட் பண்ணிவிட்டு வேலைக்குப் போவார். ஒரு வருஷமாக இதுதான் நடக்கிறது. இங்கே வந்துவிட்டுப் போன நாளிலிருந்து அக்கா அடிக்கவில்லை. டாப்-அப்பும் போடவில்லை. டாப்-அப் நாள் முடிந்து, போன் கம்பெனி கூடுதலாகக் கொடுக்கும் கிரேஸ் நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் மூன்றே நாள். அதற்குள் போடாவிட்டால் நம்பர் போய்விடும், அப்புறம் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மேடம் கேட்டிருந்தால் உடம்பில் எந்த இடத்தில் என்று சரியாகக் காட்டியிருப்பேன். நல்லதுதானே அண்ணே என்று கேட்டுப் பார்த்தேன், என் பயத்துக்காக. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நானும் ஒரு வருஷமா விடு விடுன்னு கத்துறேன், அவ கேக்கல. நீங்க ஒரு தடவ சொன்னீங்க, விட்டுட்டா. சோறும் இறங்க மாட்டேங்குது. உண்மையச் சொல்லு தம்பி, என்னடா பண்ணீங்க அவள?”

மேடம் சொன்னது

அவர்கள் போனதும் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “நீங்க எத விடச் சொன்னீங்க?” என்று கேட்டேன். “தோளை” என்றார். அவருக்கு அந்த நம்பரைப் பற்றி எதுவுமே தெரியாது. அக்கா சொல்லவே இல்லையே. தோளை இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்பதுதான் அர்த்தம். நான் போட்டது வெறும் “விட்டுடுங்க”. எதை என்று இல்லை. நம்ம ஆட்களிடம் அந்தச் சொல்லை அப்படி மொட்டையாகச் சொன்னால் என்ன ஆகும்? சண்டையா, விடு லா. ஏமாத்திட்டானா, விடு லா. செத்துட்டானா, அழுததெல்லாம் போதும், விடு லா. வாழ்நாள் முழுக்க அதையே கேட்டவரிடம் டாக்டர் வாயாலும் அதையே சொல்ல வைத்துவிட்டேன். “தளர்த்துங்க” என்று ஒரு சொல் இருக்கிறது. பரீட்சையில் வந்திருந்தால் எழுதியிருப்பேன். அன்றைக்கு வாயில் வரவில்லை.

மேடத்தின் முகம் வெளுத்திருந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்புறம் அவர் படித்த புத்தகம் பேச ஆரம்பித்தது. அடுத்த செஷனில் அக்காவிடம் பக்குவமாகப் பேசலாம், சிகிச்சைக்கு வருகிறவர்களை வெளியே போய்ப் பார்ப்பதோ போன் செய்வதோ கூடாது, அது விதி, ஒருவேளை அக்காவே உள்ளுக்குள் தயாராக இருந்திருக்கலாம் என்றார். அடுத்த செஷனுக்கு இரண்டு வாரம் இருக்கு மேடம், நம்பருக்கு மூணு நாள்தான் என்றேன். விதி எதற்கு என்று விளக்கினார், அது தப்பான விளக்கமும் இல்லை. ஆனால் நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, பாவம், அவருக்குத் தெரிந்த தமிழில் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். “தினேஷ், விட்டுடு.”

டிராயர்

சாயங்காலம் வேலை முடிந்ததும் மோட்டரை எடுத்துக்கொண்டு அந்தத் தாமானுக்குப் போனேன். தனம் அக்கா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். “டாக்டர் அனுப்புனாங்களா?” என்றார். வரக்கூடாதுன்னு சொன்னாங்க என்றேன். “அப்பறம் ஏன் வந்த?” நல்ல கேள்வி. பயந்துகொண்டே சொன்னேன்: “தப்பு என்னுது அக்கா. டாக்டர் நம்பர விடச் சொல்லல. தோளத்தான் சொன்னாங்க.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. “நான்தான் வாயே தொறக்கலையே. நம்பர் விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு பயந்துட்டேன். சாமி எறங்கிச் சொல்ற மாதிரி இருந்துச்சு, அதனாலதானடா விட்டேன்” என்றார். இல்லை அக்கா, தோள்தான் என்றேன். “தோளா?” “தோள்தான்.” கையிலிருந்த ஈர யூனிஃபார்மால் என் தோளிலேயே ஒன்று வைத்தார். வலித்தது. “இந்தப் பாழாப்போன தோளுக்காடா நான் என் புள்ள நம்பர...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். என் போனிலிருந்தே டாப்-அப் போடலாம், நம்பர் சொல்லுங்க என்றேன். பார்க்காமல் சொன்னார், இரண்டு இரண்டு எண்ணாக, நான் சரியாக அமுக்குகிறேனா என்று என் விரலையே முறைத்துக்கொண்டு. ஒருமுறை போகவில்லை. இரண்டாவது முறை போனது.

உடனே தன் போனை எடுத்து அடித்தார். டிராயருக்குள் ஒரு கேம் சத்தம் கிளம்பியது. போன் அடித்தால் எடுக்கிறவன் நான், மையத்தில் அதுவும் என் வேலை. கை தானாகப் போய் டிராயரை இழுத்துவிட்டது. சார்ஜர் வயரோடு போன் மின்னிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மடித்த டிஷ்யூ ஒன்று. பிரித்துப் பார்க்கவில்லை, பிரிக்காமலே தெரிந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் வலது தோள் எனக்கு எதிரிலேயே மெல்ல ஏறி, பழைய இடத்தில், காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. “எடுக்காத தம்பி. அவன் எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? மணி அடிக்குதில்ல, அது போதும்.”

அடுத்த செஷனில் ஏறியிருந்த அந்தத் தோளைப் பார்த்துவிட்டு, விதியை மீறியதற்காக ஏற்கெனவே எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்த மேடம், “இந்தத் தடவை சரியான சொல்லைச் சொல்லு தினேஷ், தளர்த்துங்கன்னு சொல்லு” என்றார், நான் அக்காவிடம், “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.